பல்செட்டின் மெத்தையைக் கெடுக்காமல் கழுவுவோம்

வீட்டுப் பெரியவர் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கஞ்சி மட்டும் குடிக்கிறாரா? உட்புற மெத்தை கெட்டியாகியிருக்கலாம்.

ஈறு எலும்பு தேய்ந்தவர்களுக்குப் பல்செட் அழுத்தி வலிக்கும். அதனால் பல் மருத்துவர் உட்புறத்தில் மிருதுவான பூச்சு வைக்கிறார். இதில் அக்ரிலிக், சிலிக்கான் என இரு வகை உண்டு. அக்ரிலிக்கை மிருதுவாக வைத்திருக்கும் பொருள் எச்சிலிலும் நீரிலும் மெல்லக் கசிந்துவிடும். வெந்நீரும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் அதை விரைவுபடுத்தும். பிளீச்சிங் திரவம் நிறத்தை வெளுக்கவைக்கும். நுரைக்கும் மாத்திரைகள் சில பூச்சுகளில் குழி விழச் செய்யும். சொரசொரப்பான இடத்தில் கேண்டிடா பூஞ்சை தங்கி, வாய் சிவந்து எரியும். சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை:

• சாப்பிட்டதும் பல்செட்டைக் கழற்றிச் சாதாரண நீரில் அலசுங்கள். ஒளுவில் வாய் கொப்பளிப்பது மட்டும் இதற்குப் போதாது.

• மிருதுவான பிரஷ், மென்மையான சோப்பு போதும். பற்பசை, பல்பொடி, உப்பு, கரி வேண்டாம்.

• இரவில் கழற்றி, சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள்.

• மாத்திரை வாங்கும் முன், "எனக்கு வைத்திருப்பது எந்த வகைப் பூச்சு?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மெத்தை கெட்டியானாலோ, ஓரம் பெயர்ந்தாலோ, நாற்றம் வந்தாலோ நீங்களே சுரண்டாதீர்கள், புதிதாக வைத்துக்கொள்ளலாம். திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் சென்றால், முத்துசாமி சாலையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரியவர்களைத் தனியே அனுப்பாமல் உடன் செல்லுங்கள்.