உலக நீதிமன்றமும் ஏரி வளர்த்த நெறியும்

படையும் சிறையும் இல்லாத ஒரு மன்றத்தின் சொல்லுக்கு நாடுகள் கட்டுப்படுவது எங்ஙனம்? ஹேக் நகரில் 1946 முதல் நடைபெற்றுவரும் சர்வதேச நீதிமன்றத்தைக் குறித்து எழும் வினா இது.

அம்மன்றத்தின் அதிகாரத்திற்கு அடிப்படை இரண்டு. ஒன்று, வழக்காடும் நாடுகளின் உடன்பாடு. அஃதின்றி அது எவ்வழக்கையும் தீர்ப்பதில்லை. மற்றொன்று, நீதிபதிகளின் அமைப்பு. 15 நீதிபதிகளுள் ஒரு நாட்டினர் இருவர் இருத்தலாகாது; உலகின் பெரு நாகரிகங்களுக்கும் சட்ட முறைகளுக்கும் அங்கு இடமுண்டாதல் வேண்டும் என்பது விதி.

இவ்விதியின் பயனை ஒரு வழக்கால் விளக்குவாம். தானூப் ஆற்றின் அணைத்திட்டம் பற்றி ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் வழக்காடின. 1997-இல் இலங்கையராகிய நீதிபதி வீரமந்திரி, தம் தனித் தீர்ப்புரையில், தம் நாட்டுப் பண்டை ஏரிகளைச் சான்றாகக் காட்டி, ஆக்கமும் இயற்கைக் காப்பும் இணைந்து செல்லல் தொன்னெறியே என நிறுவினார்.

அந்நெறி நமக்கும் அயலானதன்று. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்தமை பற்றிய வேலூர் வழக்கில், அதனைச் சர்வதேச வழக்காற்றுச் சட்டத்தின் பகுதியென 1996-இலேயே நம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆதலின், எல்லா மக்களின் அறமும் பேசப்பெறும் மன்றமே படையின்றியும் மதிக்கப்பெறும் என்க.