ஒரு சாண் உல்லம்

ஆனி பிறந்ததும் கல்கத்தா மீன் அங்காடிகளில் புதுக் களை தோன்றும். தமிழில் உல்லம் என்றும், வங்காளத்தில் இலிஷ் என்றும் வழங்கும் மீன் வரும் பருவம் அது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய, ஏறத்தாழச் சித்திரையும் வைகாசியும், கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கலாகாது. காசிமேட்டுக்கும் காக்த்வீப்புக்கும் விதி ஒன்றே. முன்னர் 47 நாட்களாயிருந்த தடை பின்னர் 61 நாட்களாயிற்று. மீன் பெருகுவதற்கான ஓய்வு இது. அந்நாட்களில் மீனவர் வலையைச் செப்பனிட்டுக் காத்திருப்பர். வருவாய் இராது, கடன் வளரும்.

உல்லம் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிரேறும். முற்காலத்தில் கங்கையில் பிரயாகைக்கு அப்பாலும் சென்றது. 1975இல் பரக்கா அணை இயங்கத் தொடங்கியபின் அவ்வழி அடைபட்டது. ஆற்றில் பிறந்த குஞ்சுகள் கடல் சேருமுன் வலைப்பட்டால் மறுவரவு ஏது? ஆதலின் மேற்கு வங்க அரசு 2013இல் 23 செ.மீ.க்குக் குறைந்த உல்லத்தைப் பிடிக்கவும் விற்கவும் தடை விதித்தது. உல்லம் பிடிக்கும் வலைக்கண் 90 மி.மீ.க்குக் குறையலாகாது என்றும் விதித்தது. எனினும் ‘கோகா இலிஷ்’ என்னும் குட்டி மீன் மலிவாகக் கடைக்கு வருகிறது. வாங்குவோர் உளர், ஆகவே பிடிப்போரும் உளர்.

கிழக்கு வங்கக் குடும்பங்கள் பலவற்றில் இலட்சுமி பூஜை முதல் சரஸ்வதி பூஜை வரை இலிஷ் உண்ணாத வழக்கமுண்டு. சட்டத்திற்கு முன்பே இல்லங்கள் கண்ட கட்டுப்பாடு அது.

23 செ.மீ. என்பது நம் பழைய கணக்கில் ஒரு சாண். கடைக்குச் செல்லும் தாய்மார்களே, கையை விரித்து அளந்து பாருங்கள்; சிறிய கையாயின் இரு விரல் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்ததை வாங்காது விடுங்கள். இரண்டு மாதம் பொறுத்திருந்த மீனவருக்கு நாம் செய்யும் துணை அதுவே.