காளைக்கு அஞ்சாதவர் டாக்டருக்கு அஞ்சலாமா?

தை பிறந்தால் அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு. வாடிவாசலில் சீறி வரும் காளையின் திமிலைப் பிடிக்க ஆண்கள் அஞ்சுவது இல்லை. ஆனால், தாம்பத்தியத்தில் தளர்ச்சி ஏற்பட்டால் எங்கும் உள்ள ஆண்களைப் போல வாயை மூடிக்கொள்கிறார்கள். மனைவியோ, தன்மீது வெறுப்போ என்று கலங்குகிறாள்!

இளமையில் செய்த தவறுதான் காரணம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது உண்மை அல்ல. நாற்பது வயதுக்கு மேல் வரும் தளர்ச்சிக்குப் பெரும்பாலும் சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, புகை, குடி, மனக்கவலை ஆகியவையே காரணம். சர்க்கரை கூடினால் நரம்பு கெடும்; ரத்தக் குழாய் அடைபடும். ஆண் உறுப்புக்குச் செல்லும் குழாய், இதயக் குழாயைவிட மெல்லியது. அதனால் முதலில் அதுவே அடைபடும். சிலருக்கு இந்தத் தளர்ச்சி, பின்னால் வரப்போகும் மாரடைப்புக்கு முன் அறிவிப்பு!

இது தெரியாமல், லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்பவரிடம் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஆண்மைக் குறைவுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படியும் சுவரில் நோட்டீசு குறையவில்லை!

1998-ல் விற்பனைக்கு வந்த சில்டெனாபில் மாத்திரை பலருக்குப் பலன் தருகிறது. ஆனால், நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் மாத்திரை வைப்பவர்கள் இதைத் தொடக்கூடாது. ரத்த அழுத்தம் திடீர் என்று இறங்கி உயிரே போகலாம். கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் சரக்கு அல்ல அது.

அலங்காநல்லூரில் இருந்து மதுரை சுமார் 15 கிலோ மீட்டர்தான். அங்கே அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்தே போகலாம். டாக்டர் முதலில் பார்ப்பது ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத்தான்.