பதினொரு பையன்களும் ஒரு முட்டைப் பந்தும்

“சப்பாத்தைக் கழட்டிட்டு உள்ளுக்கு வாங்க மிஸ், இப்பதான் கழுவி விட்டேன்” என்றார் பவிலியன் பொறுப்பிலிருக்கும் அண்ணன். கழற்றினேன். அடுத்த நிமிடமே முப்பது பையன்கள் சேற்றுப் பூட்ஸோடு என்னைத் தாண்டி விறாந்தையில் ஏறினார்கள். அண்ணன் வாயே திறக்கவில்லை. கண்டியில் றக்பி விளையாடுகிற பிள்ளைக்கு எந்த வாசலிலும் இந்தச் சலுகை உண்டு.

நாளைக்கு மேட்ச். அதற்கு முந்திய மாலையில் ஒரு பள்ளிக்கூட அணியின் பின்கட்டை எட்டிப் பார்க்க வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. முதலில் மூக்கைத் தாக்குவது சித்தாலேபத் தைல வாசம். அதன் மேல் ஈர ஜேர்சி, அதன் மேல் யாரோ பிரித்த மீன் பணிஸ். மூலையில் மாடு மாதிரி கழுத்துள்ள ஒரு புரொப், காது நசுங்காமலிருக்கத் தலையைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறான், புருவத்தில் இரத்தம். கைபேசியில் குரல் மட்டும் பூனைக்குட்டி: “பெருசா ஒண்ணுமில்லம்மா, சும்மா கீறல்.” ஸ்க்ரமில் எதிர்ப்பக்கத்து எட்டுப் பேரைத் தள்ளுகிறவனுக்கு அம்மாவிடம்தான் பயம்!

இந்த றக்பிப் பைத்தியத்தைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுவந்தது யார் தெரியுமா? ஒரு வாத்தியார். லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் 1891 மே 4 அன்று கண்டி பவிலியன் வீதியில் ஒரு சின்ன வீட்டில் பள்ளிக்கூடம் திறந்தார். முதல் நாள் வந்த மாணவர்கள் 11 பேர். அச்சு அசல் கிரிக்கெட் அணி! ஆனால் மனிதர் அதே ஆண்டில் கையிலெடுத்தது 15 பேர் வேண்டிய றக்பியை. கணக்கு எப்படி உதைத்தாலும், இலங்கையில் றக்பி ஆடிய முதல் பள்ளிக்கூடம் அதுதான். பிறகு 1898இல் கிங்ஸ்வூட் என்று பெயர் மாறியது.

இதில் இன்னொரு கூத்து. பிளேஸ் திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர். தன் தாய்ப் பள்ளிக்கு முன்பே தன் குட்டிப் பள்ளிக்கு அந்த ஆட்டத்தைக் கொடுத்துவிட்டார். 1906இல் இரண்டும் கண்டிப் போகம்பறை மைதானத்தில் மோதின. நாட்டின் முதல் பள்ளி றக்பி மேட்ச் அது. முடிவு? 6–6, சமம். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்கும் ஒரு ட்ரைக்கு அன்று 3 புள்ளிதான், இன்றுபோல 5 இல்லை. இரண்டு பள்ளிகளும் இன்று மோதிக்கொள்ளும் கிண்ணத்துக்கும் அவர் பெயர்தான்.

ஊரே குடை பிடித்துக்கொண்டு கத்துவது என்னவோ பிரட்பி கேடயத்துக்காக. றோயல் கல்லூரி அதிபர் பிரட்பி கொடுத்த கேடயம். 1945 முதல் றோயலும் திரித்துவமும் கண்டியில் ஒன்று, கொழும்பில் ஒன்று என்று ஆடி, இரண்டின் புள்ளிகளையும் கூட்டிப் பார்க்கிறார்கள். கொழும்புக்காரர் பஸ் பஸ்ஸாக மலையேறி வருவார்கள். பப்பரே வாத்தியம் காதைப் பிளக்கும். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். ஆனாலும் கேடயமே இல்லாத அந்த 6–6க்குப் பக்கத்தில் அதை வைக்க மனம் வரவில்லை.

அந்த மேட்ச் நடந்த போகம்பறை மைதானத்துக்குப் பக்கத்தில்தான் 1876இல் கட்டிய பழைய சிறைச்சாலை. 2014இல் கைதிகளைப் பல்லேகலைக்குக் கொண்டுபோனார்கள். திரித்துவத்தின் றக்பி மைதானமும் இப்போது பல்லேகலையில்தான். இரண்டும் ஒரே ஊருக்குப் போன வேடிக்கையைப் பையன்களிடம் சொன்னேன். “எங்களுக்கும் கோச் விட்டாத்தான் வெளிய போகலாம் மிஸ்” என்றான் ஒருத்தன்.

இந்தப் பையன்களுக்குக் கனவு நித்தவெல. அங்கேதான் 1874இல் பிறந்த கண்டி விளையாட்டுக் கழகத்தின் மைதானம். கிங்ஸ்வூட்டில் படித்த ஃபாஸில் மரிஜா அந்தக் கழகத்துக்கு ஆடி, இலங்கை அணிக்கே தலைவரானார். அவர் பெயரைச் சொன்னாலே சின்னப் பொடியன்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

பொழுது சாய்ந்தது. அண்ணன் பந்துகளை எண்ணிப் பையில் போட்டார். ஒன்று குறைந்தது. கண்டியில் தவறிய பந்து சமதரையில் கிடக்காது. முட்டை வடிவம் வேறு, எந்தப் பக்கம் துள்ளுமென்று அதற்கே தெரியாது. அது மதிலைத் தாண்டிச் சரிவுப் பாதையில் தத்தித் தத்தி இறங்கிக்கொண்டிருந்தது. பத்துப் பேர் வெறுங்காலோடு பின்னால் ஓட, பின்னால் நானும், கையில் சப்பாத்தோடு. வளைவில் நின்ற த்ரீவீல் டிரைவர் இறங்கி, ஒற்றைக் கையால் அமுக்கிப் பிடித்து, எங்களைப் பார்த்து முழு வேகத்தில் முன்னால் எறிந்தார்.

றக்பியில் பந்தைக் கையால் முன்னாலே எறியக் கூடாது.

“ஃபோர்வர்ட் பாஸ்!” என்று பத்துப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.