உங்களுக்குத் தெரியுமா? கைமாற்றுக்கும் கெடு உண்டு!

தெரிந்தவர்தானே என்று கைமாற்றாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கப் பலருக்கும் கூச்சம். அந்தக் கூச்சத்திலேயே நாள் ஓடிவிடுகிறது. சட்டமோ நாள் கணக்குப் பார்க்கிறது!

● புரோநோட்டுக்கு ஆயுள் 3 ஆண்டுதான். ‘கேட்கும்போது தருகிறேன்’ என்று எழுதிய நோட்டுக்கு, நீங்கள் கேட்ட நாளிலிருந்து அல்ல, நோட்டில் உள்ள தேதியிலிருந்தே கணக்கு ஓடும்.

● ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. பிற்பாடு அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது. கையெழுத்து ஸ்டாம்பின் மேல் தொடங்கித் தாளில் முடியட்டும். ஸ்டாம்பை மறுபடி எடுத்து ஒட்ட முடியாமல் செய்வதற்கான வழி அது.

● கெடு முடியுமுன் ஆயிரம் ரூபாய் மட்டும் திருப்பித் தருகிறாரா? நோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். வெறுமனே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் அந்தப் பலன் இல்லை.

● கெடு தாண்டிய கடனையும், ‘தருகிறேன்’ என்று கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்டால் அந்த வாக்குறுதி செல்லும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

● செக் பணமில்லாமல் திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

● வழக்கே போடாமல் லோக் அதாலத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. இருவரும் ஒத்துக்கொண்டு எழுதும் முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை.

● வழக்குப் போட்டபின் நீங்களே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும், கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2021-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

● கடைக்காரரோடு தகராறா? பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை. உங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம், வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். இங்கே கெடு 2 ஆண்டு.

● வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 எண்ணுக்கு அழைக்கலாம்.

பீரோவில் புடவை மடிப்புக்குள் புரோநோட்டு பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? இன்றே எடுத்து, அதில் உள்ள தேதியைப் பாருங்கள். கெடுவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தால்கூட, ஒரு வரவும் ஒரு கையெழுத்தும் உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.