கிறுக்கட்டும் விடுங்க! பிஞ்சுக் கைகளுக்கு ஒரு சுவர்

கருமத்தம்பட்டி என்றதும், கோவை - அவினாசி ரோட்டில் பஸ்சில் போகிறவர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சோமனூருக்குத் திரும்பும் முக்கு. ஜெபமாலை அன்னை கோவில். அப்புறம், காதை அடைக்கும் தறிச் சத்தம்!

பேரூராட்சியாக இருந்த ஊர் 2021-ல் நகராட்சி ஆகிவிட்டது. 'கடகட' சத்தம் மட்டும் மாறவில்லை. அதைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளையின் கையில் ஒரு கரித்துண்டு கிடைத்தால் என்ன செய்யும்? சுவரில் கிறுக்கும். அம்மா என்ன செய்வாள்? முதுகில் ஒன்று வைப்பாள்!

"ஏனுங்க, இப்பத்தானே வெள்ளை அடிச்சது? வீட்டு ஓனர் வந்து கேட்டா என்னுங்க சொல்றது?" என்பது அவள் கவலை. அதுவும் நியாயம்தான்.

சரி, வீட்டில் இடமில்லை. பள்ளிக்கூடத்தில்?

தொடாதே, அழுக்காகும்!

இப்போது பல ஊர்களில் தொடக்கப் பள்ளிச் சுவர்கள் பளபளக்கின்றன. மயில், யானை, ரயில் பெட்டி... பார்க்க அழகுதான். ஆனால் வரைந்தது யார்? கூலிக்கு வந்த பெயிண்டர்! பிள்ளைகளுக்கு அதில் ஒரு கோடு கூடக் கிடையாது. "கையை வைக்காதே, அழுக்காகும்" என்ற அதட்டல்தான் மிச்சம்.

பிள்ளைகளுக்கென்றே சுவர் கொடுத்த காலம் ஒன்றும் நம் மாநிலத்தில் இருந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' வந்தது. 2007-ல் அது மாநிலம் முழுவதும் பரவியது. வகுப்பறைச் சுவரில், பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுத எட்டும் உயரத்தில் கரும்பலகை அடித்தார்கள். அதில் ஆளுக்கொரு கட்டம்! தலைக்கு மேலே 'கம்பிப் பந்தல்'. பிள்ளைகள் வரைந்த படங்களும், வெட்டி ஒட்டிய காகிதப் பூக்களும் அதில் தொங்கின.

பிறகு பாடமுறை மாறியது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதிலும் பாட்டு, கதை, பொம்மை எல்லாம் உண்டு. ஆனாலும் 'இது என் கட்டம்' என்று ஒரு பிள்ளை சொல்லிக்கொண்ட அந்தச் சுவர் லேசான விஷயமல்ல!

ஓவிய வாத்தியார் எங்கே?

2022-23-ல் அரசுப் பள்ளிகளில் 'கலைத் திருவிழா' தொடங்கியது. முதலில் 6 முதல் 12-ம் வகுப்பு வரைதான். 2024-25-ல் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். நல்ல காரியம். மறுப்பதற்கில்லை.

ஆனால் போட்டி என்றால் பரிசு ஒருவருக்கோ, இருவருக்கோதான். மற்ற பிள்ளைகள்? கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்!

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, ஓவியம், உடற்பயிற்சி, கைத்தொழிலுக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும். யாருக்கு? 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு. அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்! 2012-ல் தமிழ்நாட்டில் 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்ததும் இதற்காகத்தான். 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இது கிடையாது. தமிழ், கணக்கு சொல்லித்தரும் அதே டீச்சர்தான் படமும் சொல்லித்தர வேண்டும்.

அப்படியானால் கை கொடுக்க வேண்டியது யார்? ஊர்தான்!

டாங்கியை விற்று பள்ளிக்கூடம்!

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நிஜக் கதை. இத்தாலியில் ரெஜியோ எமிலியா என்ற நகரம். அதன் பக்கத்தில் வில்லா செல்லா என்ற கிராமம். 1945-ல் யுத்தம் முடிந்த கையோடு, ஜெர்மன் பட்டாளம் விட்டுவிட்டு ஓடிய ஒரு டாங்கியையும், சில லாரிகளையும், குதிரைகளையும் ஊர்க்காரர்கள் விற்றார்கள். அந்தப் பணத்தில் கட்டியது என்ன தெரியுமா? குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம்! செங்கல் சுமந்ததும் ஊர்க்காரர்களே.

1963-ல் அந்த நகராட்சியே பாலர் பள்ளி தொடங்கியது. அங்கே பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஒரு கலைக்கூடம், அதற்கென ஒரு கலை ஆசிரியர் என்ற ஏற்பாடு வந்தது. இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நம்ம கொங்குச் சீமையும் சளைத்ததல்ல. உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோவிலில், மாட்டுப் பொங்கலுக்கு மண்ணால் செய்த மாடு, கன்று உருவாரங்களை ஊரே கொண்டுவந்து வைக்கும். கையால் வேலை செய்து படிப்பதும் இங்கே புதிதில்லை. 1930-ல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர் தி.சு. அவினாசிலிங்கம். கல்வி மந்திரியாக இருந்தபோது காந்தியடிகளின் ஆதாரக் கல்விக்கு ஆதரவு தந்தவரும் அவரே.

காலி கோன் போதும்!

கருமத்தம்பட்டியில் விற்பதற்கு டாங்கி இல்லை. வேண்டியதும் இல்லை! தறிக்குடோனில் நூல் தீர்ந்ததும் கூம்பு கூம்பாகக் காலி கோன் அட்டை மிஞ்சும். கழிவு நூல் இருக்கும். தையற்கடையில் வெட்டுத்துணி, மளிகைக்கடையில் அட்டைப் பெட்டி, வயலில் செம்மண். மஞ்சள், காவிக்கல், கரித்துண்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்! பழைய ஆயில் பெயிண்ட் மட்டும் வேண்டாம். அதில் ஈயம் இருக்கலாம், பிள்ளைகளுக்கு ஆகாது.

வாசலில் தினமும் கோலம் போடும் ஆத்தாவை ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டால், புள்ளி வைப்பதிலேயே கணக்குப் பாடம் முடிந்துவிடும். மில்லுக்கும் தறிக்கும் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க்காரர்களின் பிள்ளைகளும் இப்போது நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். தமிழ் இன்னும் நாக்கில் வராத பிள்ளை கூட, சுவரில் தன் ஊர் ஆற்றைக் காட்டிவிடும்!

பெரியவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. "யானைக்கு எங்காச்சும் பச்சைக் கலரா?" என்று கேட்கக் கூடாது. "இதென்ன கதை, சொல்லு கண்ணு" என்றுதான் கேட்க வேண்டும்.

யாரிடம் போய்ச் சொல்வது? ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான். பாதிப்பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "எங்க பிள்ளைகளுக்கு ஒரு சுவர் வேணுமுங்க" என்று கேட்டால் போதும்.

தரையிலிருந்து மூணடி உயரம் இருந்தால் சரி. வருஷா வருஷம் வெள்ளை அடிக்கலாம். அடுத்து வரும் ஒன்றாம் வகுப்பு மறுபடியும் முதலிலிருந்து கிறுக்கட்டும்!