சூரியன் போன பிறகு வரும் நீலம்

கும்பகோணம் பெரிய கடைத்தெருவைப் படமெடுக்கப் போனால், வெயில் இருக்கும்வரை என் நண்பன் கேமராவை உறையிலிருந்து எடுக்கவே மாட்டான். கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பழகிய கை. "பொறுடா, அது போகட்டும்" என்பான். தை மாதத் தெளிந்த மாலைகளில் ஆறே கால் வாக்கில் சூரியன் இறங்கிவிடும். அதற்கும் பத்து நிமிடம் கழித்துத்தான் ட்ரைபாடை விரிப்பான். பாத்திரக்கடைகளில் விளக்கு எரியத் தொடங்கியிருக்கும். சாரங்கபாணி கோயில் கோபுரத்துக்குப் பின்னால் வானம், பகலில் ஒருபோதும் காட்டாத ஆழ்ந்த நீலத்தில் நிற்கும்.

பகல் வானம் ஏன் நீலம் என்பது பள்ளிப் பாடம். காற்று மூலக்கூறுகள் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறடிக்கின்றன. ராலே கண்ட விதி அது. அந்திநேர நீலத்துக்கும் அதுவே காரணம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த விதி கைவிட்டுவிடுகிறது. சூரியன் தொடுவானத்தில் இருக்கும்போது, நம் உச்சிக்கு மேலுள்ள காற்றை வந்தடையும் ஒளி, பல நூறு கிலோமீட்டர் காற்றைக் கிடைமட்டமாகக் கடந்து வருகிறது. வழியிலேயே அதன் நீலம் பெரும்பாலும் சிதறிப் போய்விடும். மிச்சமிருக்கும் ஒளி மஞ்சளும் சிவப்புமாகத்தான் இருக்கும். அதை உச்சிக் காற்று சிதறடித்தால் நமக்குக் கிடைக்க வேண்டியது மங்கலான, சாம்பல் கலந்த மஞ்சள் வானம்.

அப்படி ஒரு மாலையை யாரும் பார்த்ததில்லை. 1953இல் அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் ஹல்பர்ட் இந்த முடிச்சை அவிழ்த்தார். விடை ஓசோன். சூரியன் மறையும் தறுவாயில் உச்சி வானத்தின் நீலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ராலே சிதறலால் வருகிறது, மீதி இரண்டு பங்கும் ஓசோனின் வேலை என்று அவர் காட்டினார். இருட்ட இருட்ட அந்தப் பங்கு இன்னும் கூடும்.

ஓசோன் என்றதும் நமக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கவசம்தான் நினைவுக்கு வரும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அது கை வைக்கிறது. ஆரஞ்சையும் மஞ்சளையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். பிரெஞ்சு வேதியியலாளர் ஷாப்புயி 1880 வாக்கிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். பகலில் இந்த உறிஞ்சல் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. வானிலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டக் காற்றழுத்தத்துக்குக் கொண்டுவந்து பரப்பினால், அதன் கனம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். ஆனால் வாழைக்காயை நேராக நறுக்கினால் சின்ன வில்லை, சாய்த்து நறுக்கினால் நீண்ட வில்லை. மாலை ஒளி அந்தப் படலத்தை அப்படித்தான், மிகச் சாய்வாகக் கடக்கிறது. அவ்வளவு நீண்ட பாதையில் ஆரஞ்சும் மஞ்சளும் கழிந்துபோக, எஞ்சுவது நீலம். மூன்று மில்லிமீட்டர் வாயு ஊர் வானத்தையே நிறம் மாற்றுகிறது என்பதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நண்பனின் அவசரமும் இங்கேதான் தொடங்குகிறது. நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். மறைந்ததிலிருந்து தொடுவானத்துக்கு 6 பாகை கீழே போக, தை மாதத்தில் 22 நிமிடம் போலத்தான் ஆகும். லண்டனில் சாய்வாக இறங்குவதால், ஜூன் மாதத்தில் அதற்கு இரு மடங்கு நேரம் கிடைக்கும். நமக்கு வாய்த்த இந்தச் சிறு பொழுதுக்குள்தான் வானத்தின் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்து, கடை விளக்குகளின் வெளிச்சத்துக்குச் சமமாகிறது. கேமராவின் சென்சாருக்கு நம் கண்ணைப் போல வெளிச்சத்தையும் இருளையும் ஒருசேரத் தாங்கும் திறன் கிடையாது. முன்னால் எடுத்தால் கடையின் உட்பக்கம் கரியாகிவிடும். பின்னால் எடுத்தால் வானம் வெறும் கறுப்பு. இரண்டும் ஒத்துப்போகும் அந்தச் சில நிமிடங்களில்தான் பித்தளைக் குடங்களின் மினுக்கமும் கோபுரத்தின் சுதைச் சிற்பங்களும் ஒரே படத்தில் விழும்.

இதற்குள் நம் கண்ணும் மாறிவிடுகிறது. வெளிச்சம் குன்றும்போது, நிறம் பிரித்தறியும் கூம்பு செல்கள் ஓய்ந்து குச்சி செல்கள் முன்னுக்கு வருகின்றன. குச்சி செல்களுக்கு நீலப்பச்சை நன்றாகத் தெரியும், சிவப்பு அநேகமாகத் தெரியாது. அதனால்தான் விளக்கு இல்லாத சந்துக்குள் திரும்பினால், திண்ணையோரச் செம்பருத்திப் பூ கறுத்துப்போய், அதன் இலைகள் மட்டும் வெளிறித் தெரிகின்றன. இதை முதலில் கவனித்து எழுதிய செக் நாட்டு அறிஞர் புர்கின்யேயின் பெயராலேயே இந்த மாற்றம் அறியப்படுகிறது. கேமராவுக்கு இந்த மாற்றம் இல்லை. படத்தில் பூ சிவப்பாகவே இருக்கும்.

மகாமகக் குளத்தின் மேற்குக் கரைக்குப் போனால், நண்பன் கிழக்கே கை காட்டுவான். கட்டடங்களுக்கு மேலே சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை, அதன் மேல் விளிம்பில் ரோஜா நிறம். அந்தச் சாம்பல் நீலம் பூமியின் நிழல். நாம் நிற்கும் இந்தப் பூமியே காற்றின் மேல் விழுத்தும் நிழல். சூரியன் மேற்கே இறங்க இறங்க அது கிழக்கே மெல்ல எழும். மேகமில்லாத எந்த மாலையிலும் பார்க்கலாம் என்றாலும், எல்லோரும் மேற்கையே பார்த்து நிற்பதால் பலருக்கும் தெரியாமலே போகிறது.

அதே நிழல் நிலவின் மேல் விழுந்தால் சந்திர கிரகணம். அங்கும் ஓசோன் வந்து நிற்கிறது. முழு நிழலுக்குள் போன நிலவு செம்பு நிறமாகும் என்பது பலர் அறிந்தது. ஆனால் நிழலின் விளிம்பில் மெல்லிய இளநீலக் கீற்று ஒன்று ஓடும். ஓசோன் படலத்தை ஊடுருவி, ஆரஞ்சை இழந்து வந்த சூரிய ஒளி அது. கடைத்தெருவின் மேல் கவியும் அதே நீலம், ஏறத்தாழ நான்கு லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுகிறது. 2028 டிசம்பர் 31 இரவு பத்து மணி வாக்கில் நம் வானில் முழு கிரகணம் இருக்கிறது. முழுமை பெறுவதற்குச் சற்று முன்பும், முழுமை விலகிய உடனேயும் நிலவின் ஒளி மிஞ்சிய ஓரத்தைத் தொலைநோக்கியிலோ பைனாகுலரிலோ பார்த்தால் அந்தக் கீற்று தென்படும்.